பொந்துள்ள மரத்தை முதலில் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வால்பாறையில் பறக்கும் அணிலைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறாய் என்று உன் அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். போகுமுன் சில விஷயங்களைக் காதில் போட்டுவைக்கிறேன்.

ஆனைமலையில் பறக்கும் அணில் இரண்டு வகை. பெரியது அவ்வளவு அபூர்வமில்லை. எஸ்டேட் ஓரத்து மரங்களில்கூடத் தென்படும். நீ தேடுவது சிறியது, திருவிதாங்கூர் பறக்கும் அணில். ஏறக்குறைய நூறு வருஷம் ஆய்வாளர் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1989-ல் கேரளத்தில் மறுபடி அகப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதனால் அவசரப்பட்டுப் பெயர் எழுதிவிடாதே. பெரியதன் குட்டியும் சிறிதாகத்தானே இருக்கும்? வாலைப் பார். பெரியதற்கு வால் உடம்பைவிட நீளம், சிறியதற்குக் குட்டை. வால் சரியாகத் தெரியவில்லையா, 'பறக்கும் அணில்' என்று மட்டும் குறித்துக்கொள்.

எடுத்த எடுப்பில் ராத்திரி டார்ச்சோடு கிளம்பாதே. பகலில் சோலைக்குள் நட. வெடிப்பலா, நாங்கு, பாலி என்று மரங்களை அடையாளம் தெரிந்துகொள். காடர் பழங்குடிப் பெரியவர் யாராவது கூட வந்தால் அவர் கை காட்டும் பொந்துகளைக் குறித்துக்கொள். அந்தி சாயும்போது, வனத்துறை அனுமதியோடும் காவலரோடும், பொந்து தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டு. அப்போதும் முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டே இருக்காதே. கண் கூசி அசையாமல் நின்றுவிடும். ஆந்தைக்கு அந்த நேரம் போதும்.

அது தாவும்போது கையிலிருந்து கால்வரை உள்ள தோல் விரியும். சிறகடிப்பு கிடையாது, காற்றில் சறுக்கி இறங்குவதுதான். அடுத்த மரத்தை எட்டுமுன் உடம்பை மேல்நோக்கி நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, பட்டையில் நாலு காலாலும் ஒட்டிக்கொள்ளும். உடனே தண்டின் மறுபக்கம் ஓடிவிடும். இறங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கோட்டைவிட்டுவிடுவாய்.

நோட்டில் அணிலை மட்டும் எழுதாதே. ஒவ்வொரு சறுக்கலிலும் உயரம் குறைகிறது. மறுபடி ஏற உயர்ந்த மரம் வேண்டும். வால்பாறையில் டீத் தோட்டத்து நடுவே சோலைகள் தீவு தீவாகக் கிடக்கின்றன. இடுப்பளவு தேயிலைச் செடியில் அது எங்கே போய் இறங்கும்? ஆகவே மரத்துக்கு மரம் இடைவெளியை அளந்து எழுது. பட்டுப்போன மரம், உள்ளே கோறையான மரம் என்றால் விறகு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் அது. அந்தப் பொந்தில்தான் அது பகலெல்லாம் படுத்திருக்கிறது, குட்டியும் போடுகிறது. வெட்டுவதற்கு முன்பே தோட்டத்து மேனேஜரை நேரில் பார்த்துப் பக்குவமாகச் சொல். நீ குறித்த பொந்துகள் எங்கே இருக்கின்றன என்பதை வாட்ஸாப்பில் மட்டும் போடாதே. கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வந்துவிடும்.

அட்டைக்கு நீளக் காலுறை போட்டுக்கொள். யானை நிற்கிறது என்று காவலர் சொன்னால் மறுபேச்சு பேசாமல் திரும்பிவிடு. முதல் மாதம் முடிந்ததும் பொந்து மரங்களின் பட்டியலை எனக்கு அனுப்பு. மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
பெரியப்பா