இறங்கும்போது திணறும் கணினி

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகக் கணினி வாங்குபவர்களில் பெரும்பாலோர் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். மிச்சத்தில் கிடைக்கிற ப்ராசசரைப் பொருத்திக்கொள்வார்கள். சுட்டு விளையாடும் கேம்களுக்கு இது பொருந்தும். இங்கே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கட்சி: முதலில் ப்ராசசர், அதன் பிறகு மானிட்டருக்குத் தகுந்த கிராபிக்ஸ் கார்டு. படத்தை வரைவது கார்டின் வேலை. ஆனால் விமானத்தின் இயக்கம், காக்பிட் திரைகள், சுற்றியுள்ள போக்குவரத்து என்று எதை வரைய வேண்டும் எனக் கணக்கிட்டுச் சொல்வது ப்ராசசர். அந்தக் கணக்கில் பெரும்பகுதி ‘மெயின் திரெட்’ என்ற ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். 30 போதுமென்றால் 33.3. அதற்குள் முடியாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டும் அடுத்த ஃபிரேமுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும்.

இதற்கு நல்ல சான்று, 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. பழைய 5800எக்ஸுக்கும் இதற்கும் எட்டு கோர்தான், உள்கட்டமைப்பும் ஒன்றே. உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5 ஆகக் குறையக்கூடச் செய்தது. கூடியது ஒன்றுதான்: ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆனது. வீடியோ எடிட்டிங் போன்ற வேலைகளில் புதியது பழையதைவிடச் சற்றுப் பின்தங்கியது. ஃப்ளைட் சிமுலேட்டரிலோ தெளிவாக முந்தியது. சிமுலேட்டரின் தரவு பரந்து சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் ரேமுக்குப் போய் எடுத்துவருவதில்தான் நேரம் கரைகிறது, கேஷ் பெரிதானால் அந்த அலைச்சல் குறைகிறது. பின்னால் வந்த 7800எக்ஸ்3டியும் 9800எக்ஸ்3டியும் இதே வழியில்தான் பெயர் வாங்கின. ஆகவே கோர் எண்ணிக்கையைக் காட்டி விற்கும் விளம்பரத்தில் மயங்க வேண்டியதில்லை. பதினாறு கோர் கொண்ட 7950எக்ஸ்3டியில்கூடக் கூடுதல் கேஷ் எட்டு கோர்களுக்கு மட்டும்தான் உண்டு. சிமுலேட்டரின் 2024 பதிப்பு வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிடுவதில் முன்னைவிடத் தேறியிருக்கிறது, ஆனாலும் மெயின் திரெட்டின் ஆதிக்கம் ஒழிந்துவிடவில்லை.

“4கேயில் ஆடினால் சுமை முழுக்கக் கார்டுக்குத்தானே, ப்ராசசர் எதுவானால் என்ன?” என்று கேட்பார்கள். பாதி உண்மை. தெளிவுத்திறனைக் கூட்டினால் கார்டின் வேலை கூடும், ப்ராசசரின் வேலை அப்படியே இருக்கும். கடலுக்கு மேல் 35,000 அடியில் பறக்கும்போது கார்டுதான் எல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஃபிரேம் கொஞ்சம் குறைந்தால் யாருக்கு நட்டம்? நுணுக்கமாகச் செய்யப்பட்ட ஏர்பஸ்ஸையோ போயிங்கையோ ஓட்டிக்கொண்டு ஹீத்ரோவிலோ நியூயார்க் ஜேஎஃப்கேயிலோ இறங்கும்போது நிலைமை மாறுகிறது. கட்டடங்களும் மற்ற விமானங்களும் சேர, மெயின் திரெட் மூச்சுத் திணறுகிறது. கை நிதானமாக இருக்க வேண்டிய கடைசி 500 அடியில்தான் படம் விட்டுவிட்டு ஓடும். சராசரி ஃபிரேம் எண்ணைக் காட்டும் அட்டவணைகளில் இந்தத் திணறல் மறைந்துபோகிறது. அவற்றை நான் அதிகம் நம்புவதில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் இருக்கிறதே என்பது அடுத்த வாதம், முன்னதைவிட வலுவானதும்கூட. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல் என்விடியா கார்டுகள், இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தாமே ஒன்றை வரைந்து செருகுகின்றன. ப்ராசசர் 40 கொடுத்தால் திரையில் 80 அளவில் ஓடும். பயணிகள் விமானத்தை நேராக ஓட்டுபவருக்கு இது பெரிய வரம்தான். ஆனால் ஜாய்ஸ்டிக் அசைவுக்கு விமானம் பதில் சொல்வது அந்த 40இன் கணக்கில்தான், அதிலும் சிறு தாமதம் கூடும். அடிப்படை 20க்கு இறங்கினால் செருகிய படங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்த முயல்பவருக்கு இது உடனே புரிந்துவிடும்.

இதனால் கார்டு எதுவானாலும் போதும் என்று ஆகிவிடாது. கார்டில் நான் முதலில் பார்ப்பது அதன் சொந்த நினைவகமான விஆர்ஏஎம். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வந்தது, சிப் ஒன்றே. பல கேம்களில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இங்கே டெக்ஸ்சரை உயர்த்தி நுணுக்கமான விமானத்தையும் ஏற்றினால் 8 ஜிபி நிரம்பி வழிகிறது. வழிந்த தரவு கணினியின் ரேமிலிருந்து வரத் தொடங்கியதும் படம் குலுங்கும். 1080பியில் மிதமான அமைப்புகளோடு ஆடுபவர் 8இல் சமாளிக்கலாம். 1440பிக்கு 12, 4கேக்கு 16 என்பது என் அளவுகோல். விஆர் ஹெட்செட் மாட்டுபவருக்கு மட்டும் கார்டும் ப்ராசசருக்குச் சமமான கேள்வி: இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வேண்டும், தாமதத்தைத் தலைசுற்றல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே கணினி வைத்திருப்பவர் பணத்தை எடுக்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. பெரிய விமான நிலையம் ஒன்றில் விமானத்தை நிறுத்தி, தெளிவுத்திறனைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிரேம் எண் எகிறினால் தடை கார்டில். அசையவே இல்லையென்றால் ப்ராசசரில். டெவலப்பர் மோடில் உள்ள ஃபிரேம் கணக்குப் பலகையும் இதையே எழுத்தில் சொல்லும். ப்ராசசர்தான் தடை என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். நிலப்பரப்பின் நுணுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்லை 200இலிருந்து 100க்கு இறக்கி, விமானப் போக்குவரத்தையும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் போதாமல், உங்களுடையது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டாக இருந்தால், முழுக் கணினியையும் மாற்றாமல் பயோஸைப் புதுப்பித்து 5700எக்ஸ்3டியையோ 5800எக்ஸ்3டியையோ பொருத்திக்கொள்ளலாம். பழைய ரேமும் கார்டும் அப்படியே தொடரும்.