பின்சில்லு வழுக்குகிறதா? கராஜ் பேச்சும் கணக்கும்

மாத்தளை மாவட்டத்தில் மோட்டார் பந்தயம் என்றால் சிகிரியா ரெலி க்ரொஸ்தான். அது மண் தடம். 402 மீற்றரை நேர்கோட்டில் கடக்கும் ட்ராக் ரேஸ் பார்க்க ஆசைப்பட்டால், நமக்கு எட்டிய தூரத்தில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாம். ஆனாலும் அமெரிக்கப் பிக்கப் பந்தயங்களை யூடியூபில் பார்த்துவிட்டு, தன் டபுள் கெப்பின் பின்சில்லுகளும் அப்படி வீதியைக் கவ்வ வேண்டும் என்று கேட்கும் இளைஞர்கள் இங்கே குறைவில்லை. கராஜில் கிடைக்கும் பதில்கள் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. பந்தயத் தடத்தில் பலிப்பது பலகடுவ வளைவில் ஆளைக் கவிழ்க்கும். (பொதுவீதியில் பந்தயம் ஓடுவது குற்றம். இங்கே எழுதுவது எதுவும் அதற்கான யோசனை அல்ல.)

“பெட்டியின் கடைசியில் நாலு மண்மூட்டை போட்டால் போதும்.”

இதில் கணக்கு இருக்கிறது, அதனால்தான் இந்த நம்பிக்கைக்கு இத்தனை ஆயுள். வெறும் டபுள் கெப் ஒன்று ஏறத்தாழ 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் பின்சில்லுகளின் மேல் விழுவது சுமார் 800 கிலோதான். இழுக்க வேண்டிய சில்லுகளுக்கே பாரம் குறைவு. வழுக்காமல் என்ன செய்யும்?

ஹைலக்ஸ் டபுள் கெப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3,085 மில்லிமீற்றர். பின் அச்சுக்கு நேர்மேலே 100 கிலோ வைத்தால் பின்சில்லுகளுக்குக் கூடுவது அந்த 100 கிலோ. அதையே அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் தள்ளி வைத்தால் கூடுவது 132 கிலோ. மிச்சமான 32 கிலோ வானத்திலிருந்து விழவில்லை, முன்சில்லுகளிலிருந்து கழன்று வந்தது. நேர்கோட்டில் ஓடுபவனுக்கு அது இலாபம். மழை நாளில் மாத்தளையிலிருந்து பலகடுவ ஏறி அலவத்துகொடைக்கு இறங்குபவனுக்கு, திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் அந்த முன்சில்லுகள்தான். மூட்டை போடுவதென்றால் அச்சுக்கு மேலே போட்டு, அசையாமல் கட்டுங்கள்.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மலையகத்திலிருந்து மரக்கறி கொண்டுவரும் லொறிக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பாரத்தோடு வரும்போது அடங்கிக் கிடக்கும் பின்சில்லு, வெறும் லொறியாகத் திரும்பும்போது ஈரத் தாரில் துள்ளுவதை அவர்கள் தினமும் காண்கிறார்கள்.

“வண்டியைப் பதித்துவிட்டால் பிடிப்பு கூடும்.”

வளைவுக்குச் சரி, நேரே பாய்வதற்குச் சரியில்லை. வாகனம் முன்னே பாயும்போது பாரம் தானாகவே பின்னுக்குச் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பதை, பாய்ச்சலின் முடுக்கத்தோடு, பாரமையத்தின் உயரத்துக்கும் அச்சு இடைத்தூரத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன டபுள் கெப்பின் பாரமையம் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்து, அது புவியீர்ப்பின் பத்தில் நாலு பங்கு முடுக்கத்தோடு பாய்ந்தால், ஏறத்தாழ 180 கிலோ முன்னிருந்து பின்னுக்குப் போகும். பதித்தால் அந்தப் பங்கு குறையும். 1960களின் அமெரிக்க ‘கேஸர்’ பந்தயக் கார்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது அழகுக்காக மட்டும் அல்ல.

“டயர் காற்றை இறக்கு.”

எந்த டயர், எந்தத் தரை என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை. ட்ராக் பந்தயத்தின் மொட்டை டயர் பக்கச்சுவர் மடிந்து சுருங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நம்முடைய பாரம் தூக்கும் டயரின் பக்கச்சுவர் விறைப்பானது. அதில் காற்றை அளவுமீறி இறக்கினால் டயரின் நடுப்பகுதி தரையை விட்டு எழும்ப, இரு ஓரங்கள் மட்டும் தேயும், சூடேறும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம். மணலிலும் சேற்றிலும் கொஞ்சம் இறக்குவது உதவும், தாரில் உதவாது. ஆனால் முழுப் பாரத்துக்கு அடித்த காற்றோடு வெறுமனே ஓடும் பிக்கப்பில், வெறும் வண்டிக்குரிய அளவுக்கு இறக்கினாலே பின்புறம் துள்ளுவது குறையும். அந்த அளவு சாரதிக் கதவோரம் ஒட்டிய தாளில் இருக்கிறது. ஓசியில் கிடைக்கும் வைத்தியம் என்பதாலோ என்னவோ, அதை யாரும் படிப்பதில்லை.

“அகல டயர் போட்டால் எங்கும் பிடிக்கும்.”

காய்ந்த தாரில் மட்டும். தேங்கிய மழைநீரில் அகல டயர் சீக்கிரமே தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

“ஸ்பிரிங் பட்டை இன்னும் இரண்டு ஏற்றினால் துள்ளல் நிற்கும்.”

வேகமாகக் கிளம்பும்போது பின்சில்லு தடதடவென்று குதிப்பதற்குக் காரணம் பட்டை மெலிந்தது மட்டும் அல்ல. சில்லு முன்னே சுழல, அதன் எதிர்விசை அச்சுக்கூட்டைப் பின்பக்கமாக முறுக்குகிறது. பட்டை ‘எஸ்’ போல வளைந்து, டயர் வழுக்கிய கணத்தில் விடுபட்டு நிமிர்கிறது. மீண்டும் முறுக்கு, மீண்டும் நிமிர்வு. பட்டை ஏற்றினால் முறுக்கு கொஞ்சம் குறையும்தான், ஆனால் வெறும் வண்டி ஒவ்வொரு குழிக்கும் எகிறும். பந்தயக்காரர்கள் செய்வது வேறு. பட்டையின் முன்பாதிக்குக் கீழே, அச்சிலிருந்து முன்னோக்கி ஒரு இரும்புச் சட்டத்தைப் பொருத்தி அந்த முறுக்கைத் தடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை தேய்ந்த புஷ், தளர்ந்த யூ போல்ட், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோர்பர். பாதித் துள்ளல் அங்கேயே அடங்கிவிடும்.

“முதல் கியரில் மிதித்தால்தான் ஏறும்.”

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் பனிமூட்டமும் ஈரமுமான நாளில் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்பிப் பாருங்கள். டேர்போ டீசல் எஞ்சினின் இழுவிசை படிப்படியாக வராமல் ஒரே மூச்சில் வரும். முதல் கியர் அதைப் பன்மடங்காக்கிச் சில்லுக்குக் கொடுக்கும். உருளும் டயர் பிடிக்கும் அளவுக்கு, வழுக்கிச் சுழலும் டயர் பிடிக்காது.

“டிபரன்ஷலை வெல்டிங் பிடித்துவிடு.”

கொண்டை ஊசி வளைவுகளுள்ள மாவட்டத்தில் வேண்டவே வேண்டாம். வளைவில் உள்சில்லும் வெளிச்சில்லும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். ஓட விடாவிட்டால் டயர் தேயும், அச்சுத்தண்டு முறியும், வண்டி திரும்ப மறுக்கும்.

“ஒரு சில்லு சேற்றில் சுழன்றால் ஹேண்ட்பிரேக்கை அரைவாசி இழு.”

பழைய சாரதிகள் சத்தியம் செய்யும் வித்தை இது. சாதாரண டிபரன்ஷல் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையையே கொடுக்கும். சேற்றில் நிற்கும் சில்லு பத்துப் பங்கு மட்டும் தாங்கினால், கல்லில் நிற்கும் சில்லுக்கும் பத்துப் பங்குதான். ஹேண்ட்பிரேக் இரண்டு சில்லிலும் முப்பது முப்பதாகத் தடை கூட்டினால் இரண்டுக்கும் நாற்பது போகும். ஆனால் நல்ல சில்லும் முப்பதைத் தன் பிரேக்குக்கே கொடுத்துவிடுகிறது. கையில் மிஞ்சுவது அதே பத்து. சில வேளை வண்டி வெளியே வந்துவிடுகிறதே என்றால், பிரேக் பிடித்ததில் சுழற்சி அடங்கி டயர் மறுபடி மண்ணைக் கவ்வியிருக்கும், அவ்வளவுதான். புதிய வாகனங்களின் இலத்திரனியல் கட்டுப்பாடு சுழலும் சில்லை மட்டும் பிரேக் பிடிக்கிறது, அதனால் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. கலேவெலைப் பக்கத்து வயல்களில் டிராக்டர் ஓட்டுபவருக்கு இது புதிதல்ல. அவருடைய டிராக்டரில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனி பிரேக் மிதி உண்டு. எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்க மிதியை மட்டும் அழுத்துகிறார்.