ஷிப்டுப் பொறுப்பேற்ற மருமகனுக்கு

  

நீ வேலை பார்க்கும் நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியின் ஷிப்டுப் பொறுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும், அதை ஏற்றுக்கொண்ட நாள் முதலாக நீ சரியாகத் தூங்குவதில்லை என்றும் உன் தாயார் தொலைபேசியில் சொன்னாள். முதற்செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. இரண்டாவது செய்தி உன்மேல் நம்பிக்கையைத் தந்தது. பிறரை வைத்து வேலை வாங்கும் உத்தியோகத்தில் அமர்ந்த மனிதன் ஆரம்பத்தில் சற்றுக் கலங்குவது நல்ல லட்சணந்தான். கலங்காமல் அந்த நாற்காலியில் போய் அமர்ந்தவர்களைக் கோயமுத்தூர் ஆலைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கீழே வேலை செய்தவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

இதுகாறும் உனக்குப் பெயர் வாங்கித் தந்தது உன் கைத்திறமை. அறுந்த இழையை ஒரே வீச்சில் எடுத்து ஒட்டும் லாகவமும், இயந்திரத்தின் ஓசை மாறுவதைக் கொண்டே கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டு சொல்லும் கூர்மையும் உன்னிடம் இருப்பதை அறிந்துதான் நிர்வாகத்தார் உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஆனால் இனிமேல் உன் கைகள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவை இரண்டே கைகள். அறுந்த இழையைக் கண்டவுடன், அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் சைடரை ஒதுக்கிவிட்டு நீயே பாய்ந்து ஒட்டுவாயானால், அந்த ஓர் இழை சீக்கிரம் ஒட்டப்படும் என்பது மெய். அந்த நேரத்தில் உன் பார்வையில்லாமல் மற்றப் பிரேம்களில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாமற் போவதும், தன் வேலையில் உனக்கு நம்பிக்கையில்லை என்று அந்த சைடர் எண்ணிக்கொள்வதும் மெய். ஆகையால் கைகளைச் சற்றுக் கட்டிக்கொள்ளப் பழகு.

பிரதானமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பகுதியின் தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்று பெரிய புத்தகங்களில் அநேகம் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அவை அத்தனையும் ஒன்றில் வந்து அடங்குகின்றன: உன் பகுதியில் எது கெட்டாலும், கெட்ட அந்தச் சமயத்திலேயே, அதைக் கண்டவன் அச்சமின்றி உன்னிடம் வந்து சொல்ல வேண்டும். அவ்வாறு வந்து சொல்வதற்கு ஏற்ற மனிதனாக நீ இருக்கிறாயா என்பதுதான் உன் தலைமைக்குப் பரீட்சை.

உனக்குப் பழக்கமான உதாரணத்தையே எடுத்துக்கொள். நூல் நிறைந்த பாபின்களைப் பிரேமிலிருந்து கழற்றும் டாஃபிங் முடிந்து அவற்றைப் பெட்டியில் கொட்டும்போது, 30-ஆம் நம்பர் நூலுக்குள் 34-ஆம் நம்பர் பாபின்கள் இரண்டு மூன்று கலந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நம்பருக்கு ஒரு வர்ணம் என்று பாபின்களுக்கு அடையாளம் வைத்திருந்தாலும், வர்ணம் மாறிய காலி பாபின்கள் தப்பிப் போய்ச் சேர்வது உண்டு. அதை முதலில் காண்பவன் ஸ்பின்னிங் மாஸ்டரோ மானேஜரோ அல்ல. இரவு இரண்டு மணிக்குக் கண் எரிய நின்றுகொண்டிருக்கும் டாஃபர் பையன். அவன் உடனே வந்து சொன்னால் ஒரு பெட்டியை ஒதுக்கி வைத்துப் பொறுக்கி எடுத்துவிடலாம். கால் மணி நேரத்து வேலை. சொல்லாமல் விட்டாலோ, அது கோன் வைண்டிங்குக்குப் போகும். மூட்டையாகி லாரி ஏறித் திருப்பூர் போகும். அங்கே பின்னல் இயந்திரத்தில் துணியாகும். அதுவரையிலும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாயத்தொட்டியிலிருந்து துணி வெளியே வந்த பிறகுதான், நூலின் பருமன் மாறிய இடங்களிலெல்லாம் குறுக்குக் குறுக்காகப் பட்டை விழுந்திருப்பது தெரியும். நூலின் விலையோடு பின்னிய கூலியும், சாயத்தின் விலையும், கப்பலுக்குக் குறித்த தேதியும் போய், கடைசியில் ஆலையின் பெயரும் போகும். இத்தனை நஷ்டத்துக்கும் கால் மணி நேர வேலைக்கும் நடுவே இருப்பது, அந்தப் பையன் உன்னை நோக்கி நடந்து வந்தானா இல்லையா என்பது மாத்திரமே. அவன் வருவதும் வராமலிருப்பதும், இதற்கு முன் ஒருவன் இப்படி வந்து சொன்னபோது நீ அவனை என்ன சொன்னாய் என்பதைப் பொறுத்தது. அதை அவன் மறந்திருக்க மாட்டான். அவன் கூட்டாளிகளும் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் ஆலைகளில் இந்த அச்சம் வேரூன்றியதற்குப் பழைய சரித்திரம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் மேஸ்திரியின் கையில் இருந்தது. வேலைக்குச் சேர அவனுக்கு மாமூல், சேர்ந்த வேலை நிலைக்க மாமூல், ஒரு நாள் லீவுக்கும் அவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். விட்லி என்பவரின் தலைமையில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த மேஸ்திரி ஆதிக்கத்தைக் கண்டித்து, ஆள் சேர்க்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிற்று. அந்த அதிகாரம் காலக்கிரமத்தில் போய்விட்டது. ஆனால் மேஸ்திரியின் தொனி போகவில்லை. படித்துப் பட்டம் பெற்று வந்த பிள்ளைகள் கூட, பொறுப்புக்கு வந்த மறுவாரமே, எங்கிருந்தோ அந்தப் பழைய மேஸ்திரியின் குரலை வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குரல் உன் தொண்டையில் ஏறாதபடி ஜாக்கிரதையாக இரு.

இதற்கு நேர்விரோதமான வழியொன்றை நம்முடைய தொழிலிலேயே ஒருவர் கண்டுபிடித்தார் என்பது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், தறியில் இழை அறுந்த பின்னும் தறி ஓடிக்கொண்டே இருப்பதால் கெட்ட துணி மேலும் மேலும் நெய்யப்படுவதைக் கண்டு, இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறிகளை உண்டாக்கினார். 1924-இல் பூர்த்தியான அவருடைய தானியங்கித் தறியின் உரிமையை, உலகத்துக்கெல்லாம் ஜவுளி இயந்திரம் செய்து கொடுத்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929-இல் விலை கொடுத்து வாங்கிற்று. பின்னால் அவருடைய குமாரர் மோட்டார்த் தொழிலில் இறங்கியபோது இந்தக் கருத்தும் கூடவே போயிற்று. டொயோடா நூற்பு நெசவு ஆலையில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மோட்டார்க் கம்பெனிக்குச் சென்ற டைச்சி ஓனோ என்பவர், கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் வரிசை முழுவதையும் நிறுத்தலாம் என்ற முறையை அங்கே நிலைநாட்டினார். தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் விளக்கெரியும். குழுத் தலைவன் ஓடி வருவான். கயிற்றை எந்தத் தொழிற்சாலையிலும் கட்டலாம். இழுத்தவனைப் பார்த்து, "ஏன் நிறுத்தினாய்?" என்று சீறாமல், "என்ன கண்டாய்?" என்று கேட்கும் தலைவன் ஓடி வந்தால்தான் மறுமுறையும் ஒரு கை அந்தக் கயிற்றைத் தொடும்.

ஆகையால் கெட்ட செய்தியோடு ஒருவன் வந்து நிற்கும்போது உன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை அளந்து பேசு. யார் செய்தது என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, என்ன நடந்தது, எப்போதிலிருந்து நடக்கிறது என்று கேள். ஒரு பக்கத்தில் இழை அதிகமாக அறுகிறது என்றால், அந்தச் சைடருக்குச் சுறுசுறுப்பில்லை என்று தீர்மானிப்பது சுலபம். பெரும்பாலும் அது தவறாகவே இருக்கும். பஞ்சுக் கலவை மாறியிருக்கலாம், சிம்ப்ளக்ஸ் இயந்திரத்திலிருந்து வந்த ரோவிங் இழையில் மெலிவு இருக்கலாம், டிராவலர் மாற்ற வேண்டிய நாள் கடந்திருக்கலாம், ஸ்பிண்டில் நடுங்கலாம், காற்றில் ஈரம் குறைந்திருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் மிச்சமிருந்தால் மனிதனைப் பார். அப்போதும் தனியே அழைத்துப் பேசு. நாலு பேர் முன்னிலையில் ஒருவனுடைய கௌரவத்தைக் குலைத்துவிட்டால், அவன் வேலையைத் திருத்திக்கொள்வது ஒரு பக்கம் இருக்க, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் அன்றே வாயை மூடிக்கொண்டு விடுவார்கள்.

செய்தி சொன்னவனுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் கவனி. மூன்றாம் பிரேமில் சத்தம் கேட்கிறது என்று சொன்னவனிடம், ஃபிட்டர் வந்து பார்த்தாரா, என்ன செய்தார், செய்ய முடியவில்லை என்றால் ஏன் என்று மறுநாள் நீயாகவே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிப் பிரயோஜனமில்லை என்ற எண்ணம் பயத்தைப் போலவே மனிதரை ஊமையாக்கும். சொல்லப்போனால், கோபக்காரத் தலைவனைவிடக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாத தலைவனால் கெட்ட பகுதிகளே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அகமதாபாத்தில் காலிகோ ஆலையில் 1953-இல் நடந்த ஒரு சோதனையைப் பற்றி நான் உத்தியோகத்தில் இருந்தபோது படித்தேன். தானியங்கித் தறிகளை நிறுவியும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டன் தாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்துப் பார்த்தார். நெய்பவன், நூல் நிரப்புபவன், எண்ணெய் இடுபவன், துடைப்பவன் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்ததால், ஒவ்வொருவனும் பல தறிகளுக்கு ஓடுகிறான். எந்தத் தறியும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. இத்தனை தறிகளுக்கு இந்தக் குழு முழுப் பொறுப்பு என்று மாற்றலாமே என்ற யோசனை எழுந்ததும், தொழிலாளர்களே அதை ஆவலோடு ஏற்று, தங்களுக்குள் யார் யாரோடு சேருவது என்பதையும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். உற்பத்தி ஏறிற்று; சேதம் குறைந்தது. உன் ஆலையின் ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் உனக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால், இந்த நான்கு பிரேம்களும் இந்த ஐந்து பேருடைய பொறுப்பு என்ற உணர்ச்சியை உண்டாக்குவதற்கும், அவற்றைப் பற்றிய தீர்மானங்களில் முதலில் அவர்களுடைய யோசனையைக் கேட்பதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் உன் ஷிப்டில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் என்று அறிகிறேன். அவர்களை "டேய் இந்திக்காரா" என்று கூப்பிடும் வழக்கம் பல ஆலைகளில் இருக்கிறது. உன் பகுதியில் அது கூடவே கூடாது. தாயும் தகப்பனும் வைத்த பெயர் ஒவ்வொருவனுக்கும் உண்டு. அதைத் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொள். இழை, ஈரம், சத்தம், நிறுத்து, ஆபத்து என்பன போன்ற சொற்களை அவர்கள் பாஷையில் நீயும் உன் பாஷையில் அவர்களும் அறிந்திருப்பது அத்தியாவசியம். சொல்லத் தெரியாதவன் சொல்லாமலேதான் இருப்பான். சத் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கும் பீகார்ப் பையனுக்கு அது நமக்குப் பொங்கல் எப்படியோ அப்படி. முன்கூட்டியே தேதிகளைக் கேட்டு வாங்கி, யார் எப்போது போவது என்று எல்லோரையும் வைத்துக்கொண்டே முறை வகுத்துவிடு.

இவ்வளவும் சொல்வதால் மென்மையாக இருந்தால் போதும் என்று நான் நினைப்பதாக எண்ணிவிடாதே. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்க நேர்ந்தால், அதற்கென்று பயிற்சி பெற்று, உடலை ஒட்டிய ஆடை அணிந்த ஆளே செய்ய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது, காரணமில்லாமல் விதிக்கவில்லை. துப்பட்டா தொங்க வேலை செய்வதையும், பிரேமை நிறுத்தாமல் உள்ளே கைவிட்டுப் பஞ்சை எடுப்பதையும் ஒரு தடவைகூடப் பொறுக்காதே. அவ்விடத்தில் சொந்தக்காரன், நம்மூர்க்காரன், நல்ல வேலைக்காரன் என்ற பேதம் பாராட்டாதே.

கடைசியாக ஒன்று. உன்னிடம் உண்மை வர வேண்டுமென்று எதிர்பார்க்கும் நீ, உனக்கு மேலே இருப்பவர்களிடம் உண்மையைக் கொண்டுபோக வேண்டும். மாதக் கடைசியில் உற்பத்தி போதவில்லை, ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டு என்று உத்தரவு வரும். வேகத்தைக் கூட்டினால் இழை அறுவது எவ்வளவு கூடுகிறது, அதை ஒட்ட ஆள் போதுமா, கழிவுப் பஞ்சு எவ்வளவு ஏறுகிறது என்ற கணக்கை எழுதிக்கொண்டு போய், மரியாதையாகவும் தெளிவாகவும் மானேஜரின் மேஜைமேல் வை. தவறு நேர்ந்தபோது அவர் முன்னால் ஓர் ஆளின் பெயரைச் சொல்லி நீ ஒதுங்கிக்கொள்ளாதே. என் ஷிப்டில் நடந்தது என்று சொல். நல்லது நடந்தபோது அதைச் செய்தவனுடைய பெயரை மறவாமல் சொல். இவை இரண்டும் எப்படியோ தொழிலாளர் காதுக்குப் போய்விடும். ஆலையில் ரகசியம் தங்குவதில்லை.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதும்போது உற்பத்திக் கணக்கு எனக்கு வேண்டாம். உன் ஷிப்டில் வேலை செய்கிறவர்களின் பெயர்களையும், அவரவர் எந்த ஊர் என்பதையும், இந்த மாதத்தில் அவர்கள் உன்னிடம் கொண்டுவந்த குறைகள் என்னென்ன, அவற்றில் எவற்றைத் தீர்த்தாய் என்பதையும் விவரமாக எழுது. எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை என்றும் கோரும்
மாமா