கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

படிவம் ஐந்துத் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த கையோடு, மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கம் கல்லூரி ஏஜெண்டுகளின் நடமாட்டம் கூடிவிடும். பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. எந்தப் படிப்பு, யார் தலையில் எவ்வளவு கடன் என்பதைத்தான் பேச வேண்டும்.

செய்ய வேண்டியவை

• கடனையும் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் 60,000 வெள்ளி, ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம், 15 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 360 வெள்ளி கட்ட வேண்டும். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் 2,200 என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 242, கடன் 360 போகக் கையில் 1,598. படிவம் ஐந்தோடு தொழிற்சாலைக்குப் போன பிள்ளைக்கு, 2025-இல் உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700-இல் இபிஎஃப் 187 கழித்தால் 1,513. வித்தியாசம் 85 வெள்ளிதான். இதைப் பார்த்துப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்தாறு வருடத்தில் சம்பளம் ஏறும் துறையா, அங்கேயே நிற்கும் துறையா என்று கேளுங்கள்.

• சம்பளம் ஏறுமா என்பதை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். அதே படிப்பை முடித்து இரண்டு மூன்று வருடம் ஆன பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, என்ன வேலை, கையில் எவ்வளவு என்று விசாரியுங்கள்.

• செலவு குறைந்த வழிகளை முதலில் பாருங்கள். எஸ்டிபிஎம் (படிவம் ஆறு) பள்ளிக்கூடத்திலேயே படிக்கலாம். நல்ல தேர்ச்சி இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு என்ற பொது விண்ணப்ப முறை வழி விண்ணப்பிக்கலாம். கூலிம் ஹைடெக் பார்க்கிலேயே ஓர் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. இன்டெல், இன்ஃபினியோன் தொழிற்சாலைகளும் அதே வட்டாரத்தில்தான். ஜித்ராவில் இன்னொரு பாலிடெக்னிக். கட்டணம் தனியார் கல்லூரிக்குப் பக்கத்தில்கூட வராது. டிப்ளோமா முடித்து, வேலை செய்துகொண்டே பட்டத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

• படிப்புகளின் தகுதியை அங்கீகரிக்கும் எம்கியூஏ அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைப் போட்டுப் பாருங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் போதாது.

செய்யக்கூடாதவை

• அம்மா அப்பாவின் இபிஎஃப் பணத்தைத் துடைத்து எடுக்காதீர்கள். பிள்ளையின் படிப்புக்கு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர்கள் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் என்றால், இருக்கும் தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் பால் வெட்டியவருக்கு, லூனாஸிலோ பீடோங்கிலோ ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்ட வேறு காசு ஏது? அந்தப் பணம்தான் அவர்களின் கூரை. அதைக் கரைத்துத்தான் படிக்க வேண்டும் என்றால், வேறு படிப்பைப் பாருங்கள்.

• “நம் குடும்பத்தில் ஒரு டாக்டர்” என்ற ஆசைக்காக மட்டும் மருத்துவம் எடுக்காதீர்கள். 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்க்கப்பட்டார்கள். நிரந்தர வேலை கேட்டு 2021 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தனியார் மருத்துவப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

• “இன்றே கட்டினால் தள்ளுபடி” என்றால் அன்று கட்டாதீர்கள்.

• ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) போகாதீர்கள், முதல் செமஸ்டர் கட்டணத்துக்குக்கூட.

• மகனும் மகளும் இருந்து, காசு ஒருவருக்குத்தான் போதும் என்றால், பையனுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். இருவரின் எஸ்பிஎம் முடிவையும் மேசையில் வைத்து, மேலே சொன்ன கணக்கை மகளுக்கும் ஒரு தாளில் போடுங்கள்.