முதிய பெற்றோருக்காக இயலாமைக் கொடுப்பனவு கோருதல்

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முதிய தாய் தந்தையர் பிள்ளைகளுடன் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். அவர்கள் நோயுறும்போது குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, இரவில் எழுந்து பார்ப்பது ஆகிய யாவும் வீட்டிலுள்ளோரால் ஓசையின்றி நடைபெறுகின்றன. இத்தகைய உதவி தேவைப்படும் முதியோருக்கென அரசு வழங்கும் கொடுப்பனவு ஒன்று உண்டு. எனினும், அதனைக் கோரும் படிவத்தில் "எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டால், உண்மையில் உரித்துடைய ஒருவரின் விண்ணப்பமும் நிராகரிக்கப்படலாம். அந்த ஒரு வரிக்குள் மறைந்துள்ள அன்றாட உதவியை எவ்வாறு எழுத்தில் கொணர்வது என்பதை இப்பாடம் விளக்குகின்றது.

1. எந்தக் கொடுப்பனவு, யாருக்கு?

உதவி தேவைப்படுபவரின் வயதைப் பொறுத்துக் கொடுப்பனவின் பெயரும் விதிகளும் மாறுகின்றன. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ் கோரப்படுகின்றது. 16 வயது முதல் அரச ஓய்வூதிய வயது வரையுள்ளோர் 'பிப்' எனப்படும் பேர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட் கோரலாம். ஓய்வூதிய வயதை அடைந்த பின் முதன்முறையாகக் கோருவோருக்கு உரியது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஆகும். அவ்வயதுக்கு முன்பே 'பிப்' பெற்று வந்தவர், தகுதி நீடிக்கும் வரை, பொதுவாக அதனையே தொடர்ந்து பெறலாம்.

இப்பாடம் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பற்றியது. 2025–26 நிதியாண்டில் அதன் குறைந்த வீதம் வாரத்துக்கு 73.90 பவுண், உயர்ந்த வீதம் 110.40 பவுண். வீதங்கள் வழமையாக ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் மாற்றப்படுகின்றன. பகலிலோ இரவிலோ உதவி தேவைப்படுவோருக்குக் குறைந்த வீதமும், பகல் இரவு இரண்டிலும் தேவைப்படுவோருக்கு உயர்ந்த வீதமும் உரியன. உதவித் தேவை 6 மாதங்களாவது இருந்திருத்தல் வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் உயிர்வாழ்தல் அரிது என மருத்துவர் கருதும் நோயாளருக்கு இந்த 6 மாத விதி இல்லை. அவர்களுக்கு உயர்ந்த வீதமே வழங்கப்படும்.

இக்கொடுப்பனவு குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. மகனுக்கு நல்ல சம்பளம் இருப்பதால் தாய்க்குக் கிடைக்காது என்பது ஒன்று. வருமானமோ சேமிப்போ வீட்டிலுள்ளோரின் சம்பளமோ இதற்குக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பிள்ளைகள் உடனிருந்து பார்ப்பதால் உரித்து இல்லை என்பது மற்றொன்று. உதவி செய்ய ஆள் இருக்கின்றாரா என்பதை விதி கேட்பதில்லை. உதவி தேவையா என்பதையே கேட்கின்றது.

2. படிவம் எதைக் கேட்கின்றது?

நோய்களின் பெயர்களையும் மாத்திரைகளையும் நிரல்படுத்தினால் போதும் எனப் பலர் கருதுவர். நீரிழிவு, மூட்டுவாதம், பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றின் பெயர்களை எழுதுதல் அவசியமே. ஆயினும் ஒரே நோயுள்ள இருவரில் ஒருவர் தாமே குளிக்கலாம், மற்றவரால் இயலாதிருக்கலாம். ஆகவே நோயின் பெயர் மட்டும் தீர்மானத்தை நிர்ணயிப்பதில்லை. அந்த நோயினால் அன்றாடம் எந்தச் செயலில், எத்தனை முறை, எவ்வளவு நேரம் இன்னொருவரின் உதவி தேவைப்படுகின்றது என்பதே நிர்ணயிக்கின்றது.

விதி கணக்கில் கொள்ளும் தேவை இருவகைப்படும். முதலாவது, உடலோடு தொடர்புடைய செயல்களுக்கான உதவி: படுக்கையிலிருந்து எழுதல், குளித்தல், உடுத்தல், உண்ணுதல், மலசலகூடத்துக்குச் செல்லல், வீட்டுக்குள் நடமாடல், மருந்து எடுத்தல், பார்த்தல், கேட்டல் முதலியன. இரண்டாவது, ஆபத்து நேராதவாறு கண்காணித்தல். அடுப்பை அணைக்க மறப்பவர், வாசற்கதவைத் திறந்து வெளியேறுபவர், அடிக்கடி விழுபவர் ஆகியோரைத் தனியே விட இயலாது. கை தொட்டுச் செய்யும் வேலை எதுவும் இல்லாவிடினும், அவர்கள் அருகில் ஒருவர் இருக்க வேண்டியிருப்பதே ஒரு தேவையாகும்.

சில விடயங்கள் பொதுவாகக் கணக்கில் சேர்வதில்லை. சமைத்தல், வீடு துப்புரவு செய்தல், கடைக்குச் செல்லல் ஆகியவை வீட்டு வேலைகளாகக் கொள்ளப்படுகின்றன. மருமகள் சோறு சமைத்துக் கொடுப்பதை எழுதுவதால் பயன் குறைவு. கை நடுங்குவதால் அச்சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டியிருப்பின் அதனையே எழுதுதல் வேண்டும். அவ்வாறே, ஆங்கிலம் தெரியாமையும் இயலாமையாகக் கொள்ளப்படுவதில்லை. தமிழிலேயே சொல்வது காதில் விழாமையும், சொன்னது மனத்தில் நில்லாமையும் வேறு. அவை எழுதப்பட வேண்டியவை.

3. ஒரே வீடு, இரண்டு விடைகள்

முழங்கால் மூட்டுவாதமும் ஆரம்பநிலை மறதி நோயும் உள்ள 82 வயதுத் தாயார் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். குளித்தல் பற்றிய வினாவுக்கு மகள் முதலில் எழுதிய விடை: "அம்மா மெதுவாகக் குளிப்பார். தேவைப்பட்டால் நாங்கள் உதவுவோம்." இதில் பொய் இல்லை. ஆனால் இதனை வாசிக்கும் அலுவலருக்கு அத்தாயார் பெரும்பாலும் தாமே குளிப்பவராகவே தோன்றுவார்.

அதே வீட்டில் ஒரு வாரம் குறிப்பெடுத்த பின் எழுதப்பட்ட விடை: "நாளாந்தம் காலையில் குளிக்க வேண்டும் என நினைவூட்டுகின்றோம், சில நாட்களில் மூன்று தடவை சொல்ல வேண்டும். தொட்டியின் விளிம்பைக் கால் தாண்டாது. இரு கைகளாலும் பிடித்து ஏற்றி இறக்குகின்றோம். வெந்நீரின் சூட்டை அவர் பார்க்க மறப்பதால் நாங்களே பார்க்கின்றோம். முதுகையும் கால்களையும் நாங்கள் கழுவித் துடைக்கின்றோம். மொத்தம் 35 நிமிடங்கள் செல்லும். கடந்த மாதம் தனியே இறங்க முயன்று வழுக்கி விழுந்தார்."

இரண்டாவது விடையில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. வழமையாகிவிட்டமையால் கண்ணில் படாமற்போன உதவியே எண்ணப்பட்டு எழுதப்பட்டுள்ளது. மிகைப்படுத்துதல் தவறு, குறைத்துச் சொல்லுதலும் உண்மைக்குப் புறம்பானதே.

படிவத்தை நிரப்புமுன் ஒரு வாரத்துக்குக் கொப்பி ஒன்றில் குறிப்பெழுதி வருதல் நன்று. நேரம், செய்த உதவி, எடுத்த நிமிடங்கள், உதவியின்றி விட்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது ஆகிய நான்கும் அதில் இடம்பெறட்டும். இரவுக்குத் தனிப் பக்கம் வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தோம், எவ்வளவு நேரம் விழித்திருந்தோம் என்னும் விவரங்கள் உயர்ந்த வீதத்துக்கான தகுதியை நிர்ணயிக்கக்கூடியவை. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருமாயின், வாரத்தில் எத்தனை நாட்கள் எவ்வாறு கழிந்தன எனக் குறித்தல் வேண்டும்.

4. பெற்றோரின் மனமும் கையொப்பமும்

தம்மை மலசலகூடத்துக்குப் பிள்ளை அழைத்துச் செல்வதைப் பிறர் அறிவதை எந்தத் தாயும் விரும்புவதில்லை. வீட்டுக்கு எவரேனும் வந்தால் நல்ல சேலை உடுத்து, "எனக்கொரு குறையுமில்லை" என்று சொல்வதே அவர் பழகிய பண்பு. வைத்தியரிடமும் அதையே சொல்வார். அந்தப் பண்பைக் குறைகூற இயலாது. ஆயினும், இது தானம் கேட்பதன்று, சட்டம் வழங்கும் உரித்து என்பதையும், எழுதுபவை அலுவலருக்கு மட்டுமே உரியவை என்பதையும் முன்கூட்டியே பொறுமையாக விளக்குதல் பிள்ளைகளின் கடமை. அவர் முன்னிலையில் விடைகளைத் தமிழில் வாசித்துக் காட்டி இசைவு பெற்ற பின்பே அனுப்புதல் முறை.

படிவத்தைப் பிள்ளை நிரப்பலாம். பெற்றோர் விடயத்தை விளங்கி முடிவெடுக்கக்கூடியவராயின் கையொப்பம் அவருடையதாக இருத்தல் வேண்டும். மறதி நோயோ வேறு காரணமோ முற்றியமையால் தம் விடயங்களைத் தாமே நடத்த இயலாதவராயின், வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் குடும்பத்தவர் ஒருவரை 'அப்பொயிண்டீ' எனும் பொறுப்பாளராக நியமிக்கலாம். ஒரு சமயத்தில் ஒருவரே அப்பொறுப்பை வகிக்க முடியும். கொடுப்பனவைப் பெற்று அவர் நலனுக்காகச் செலவிடுவதும், மாற்றங்களைத் திணைக்களத்துக்கு அறிவிப்பதும் அவருடைய சட்டப் பொறுப்புகளாகும். ஆகவே உடன்பிறந்தோர் தமக்குள் பேசி முடிவெடுத்த பின் இப்பொறுப்பை ஏற்றல் நன்று.

தொலைபேசியிலோ நேரிலோ பேச வேண்டியிருப்பின் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கோரலாம். பாடசாலை செல்லும் பேரப்பிள்ளையை இதற்குப் பயன்படுத்துதல் தகாது. பாட்டியார் பேரன் வாயிலாகத் தம் உடல் இரகசியங்களைச் சொல்லத் துணியமாட்டார். பிள்ளைக்கும் அச்சொற்கள் விளங்கா.

5. சான்றுகளும் காலமும்

குடும்ப வைத்தியருக்குத் தெரிந்திருப்பது பெரும்பாலும் அவரிடம் சொல்லப்பட்டவையே. விழுந்ததையும் இரவு அலைவதையும் எவரும் அவரிடம் சொல்லியிராவிடின் பதிவேட்டிலும் அவை இரா. எனவே அடுத்த சந்திப்பிலேயே அவற்றைக் கூறிப் பதியச் செய்தல் வேண்டும். வைத்தியசாலைக் கடிதங்கள், மருந்துப் பட்டியல், கவுன்சிலின் பராமரிப்புத் திட்டம், ஒரு வாரக் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளை இணைக்கலாம். நிரப்பிய படிவத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்திருத்தல் அவசியம்.

இக்கொடுப்பனவு கடந்த காலத்துக்கு வழங்கப்படுவதில்லை. படிவம் திணைக்களத்தைச் சென்றடைந்த நாளிலிருந்து, அல்லது தொலைபேசியில் படிவம் கேட்டு 6 வாரங்களுக்குள் திருப்பி அனுப்பினால் அவ்வாறு கேட்ட நாளிலிருந்து, அது கணக்கிடப்படும். "பிறகு பார்க்கலாம்" என விட்ட மாதங்கள் திரும்பி வருவதில்லை.

6. குடிவரவு நிலை

பெற்றோரின் விசாவில் பொது நிதி பெற இயலாது என்ற நிபந்தனை இருப்பின், கோருவதற்கு முன் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டல் இன்றியமையாதது. அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பொது நிதிகளுள் ஒன்று. நிபந்தனைக்கு மாறாகப் பெற்றால் குடிவரவு நிலை பாதிக்கப்படலாம். பிள்ளைகள் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் பேரில் வந்த பெற்றோருக்கும் தனி விதிகள் உண்டு. அத்துடன், பொதுவாகக் கடந்த 3 ஆண்டுகளில் 2 ஆண்டுகளாவது பிரித்தானியாவில் இருந்திருத்தல் வேண்டும். அகதி நிலை பெற்றோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இவ்விதியில் விலக்கு உண்டு.

7. நிராகரிக்கப்பட்டால்

நிராகரிப்புக் கடிதம் வந்தவுடன் அதிலுள்ள திகதியை முதலில் குறித்துக்கொள்ளல் வேண்டும். அத்திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கோரலாம். எந்தத் தேவை கவனிக்கப்படவில்லை எனச் சுட்டிக்காட்டிப் புதிய சான்றுகளை அனுப்புதல் பயனளிக்கும். குறைந்த வீதம் கிடைத்து உயர்ந்த வீதம் கோருவோர் ஒன்றை அறிதல் வேண்டும்: மீள்பரிசீலனையில் முழுத் தீர்மானமும் மீண்டும் பார்க்கப்படுவதால், கிடைத்ததும் குறையக்கூடும். ஆகவே முதலில் ஆலோசனை பெறுதல் நன்று.

மீள்பரிசீலனையும் சாதகமாக அமையாவிடின், அதன் முடிவுக் கடிதத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். தீர்ப்பாயம் திணைக்களத்தைச் சார்ந்ததன்று. கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளரையும் கோரலாம். முதல் தீர்மானம் எடுக்கப்பட்ட நாளில் நிலைமை எவ்வாறு இருந்தது என்பதையே அது ஆராயும். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகள் இவ்விடயங்களில் இலவச ஆலோசனை வழங்குகின்றன.

8. கிடைத்த பின்

இக்கொடுப்பனவு கிடைத்தமையால் பென்ஷன் கிரெடிட், கவுன்சில் வரிக் குறைப்பு ஆகியவற்றுக்கான தகுதி கூடலாம். வாரத்துக்கு 35 மணிநேரமாவது பராமரிப்பவர், தம் வருமானம் வரம்புக்குள் இருப்பின், கேரர்ஸ் அலவன்ஸ் கோரலாம். எனினும், அது முதியவர் பெறும் பென்ஷன் கிரெடிட்டைச் சில வேளைகளில் குறைக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுத்தல் வேண்டும். பராமரிப்பவருக்கு வருமானம் எதுவாயினும், அவருடைய தேவைகளைக் கவுன்சில் மதிப்பிட வேண்டும் எனக் கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உண்டு.

முதியவர் வைத்தியசாலையில் தங்கினாலோ வெளிநாடு சென்றாலோ திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். வைத்தியசாலையில் 28 நாட்களுக்கு மேல் தங்கினால் கொடுப்பனவு பொதுவாக நிறுத்தப்படும். தற்காலிகமாக வெளிநாடு செல்வோருக்குப் பொதுவாக 13 வாரங்கள் வரையே அது தொடரும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ சில மாதங்கள் தங்கிவர எண்ணுவோர் பயணச்சீட்டு எடுக்குமுன் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மீட்டிப் பார்க்க

படிவத்தை அஞ்சலில் சேர்க்குமுன் குடும்பத்தினர் பின்வரும் வினாக்களுக்கு விடை காணலாம்:

• ஒவ்வொரு விடையிலும் செய்யும் உதவி, எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்பன உள்ளனவா?
• இரவு உதவி தனியாக எழுதப்பட்டுள்ளதா?
• தனியே விட்டால் நேரக்கூடிய ஆபத்து கூறப்பட்டுள்ளதா?
• எழுதியவற்றைப் பெற்றோர் கேட்டு இசைந்தனரா?
• அவ்வீட்டை ஒருபோதும் கண்டிராத ஒருவர் இதனை வாசித்தால், அங்கு ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்பது அவருக்கு விளங்குமா?

கடைசி வினாவுக்கு "ஆம்" எனக் கூற இயலுமாயின், அப்படிவம் அனுப்பத் தக்கதாகும்.