நடிக்க ஆசையா? ஏஜென்ட்டைத் தேடாதீங்க

நெல்லிவாசல்நாட்டிலிருந்து சென்னைக்குப் போகணும்னா மலை இறங்கி திருப்பத்தூர், அப்புறம் ஜோலார்பேட்டையில் ரயில். அவ்வளவு தூரம் போய் யாரைப் பார்ப்பீங்க? ஹாலிவுட்டில் ஏஜென்ட் உண்டு. நடிகருக்குச் சம்பளம் வந்த பிறகுதான் கமிஷன் எடுப்பார், பெரும்பாலும் 10 சதவீதம். நம்ம ஊரில் புதுமுகத்துக்கு அந்த வழக்கம் குறைவு. உதவி இயக்குநர்கள்தான் ஆள் தேடுவாங்க.

விஜய் சேதுபதியைப் பாருங்க. ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் அவர் சேர்ந்தது நடிகராக இல்லை, கணக்காளராக! அங்கே நடிகர்களைப் பக்கத்திலிருந்து கவனிச்சார். பிறகு சின்னச் சின்ன வேடங்கள், கார்த்திக் சுப்புராஜின் குறும்படங்கள். 2010-ல் 'தென்மேற்குப் பருவக்காற்று' நாயகன். 2012-ல் கார்த்திக் தன் முதல் படமான 'பீட்சா'வை எடுத்தப்போ, நாயகன் இவர்தான். கார்த்திக்கும் நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவர். அதனால உங்க ஹாஸ்டல்ல குறும்படம் எடுக்கிற ஜூனியர்கிட்ட முதல்ல போய் நில்லுங்க.

ஆடிஷனுக்கு ஃபில்டர் போடாத போட்டோ, பெயர், வயசு, உயரம் சொல்லும் ஒரு நிமிஷ வீடியோ போதும். மலைப் பேச்சை மறைக்க வேண்டாம்.

பதிவுக் கட்டணம் கேட்டா விலகிடுங்க. இயக்குநர் யாரு, தயாரிப்பு நிறுவனம் எது, அலுவலகம் எங்கேன்னு போன்லயே கேளுங்க. மழுப்பினா ரயில் ஏறாதீங்க.