செம்மரமும் அணுக்கதிரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்து சந்திரகிரியை நெருங்குகையில் வடபுறம் எழும் சேஷாசல மலைகளைச் சுட்டிக்காட்டி, அங்கே விளையும் செம்மரம் அணுக்கதிரையே தடுத்து நிறுத்தும் என்றும், ஜப்பான்காரர்கள் அணு உலைகளைச் சுற்றிப் பதிப்பதற்காகவே அதை விலை பாராமல் வாங்குகிறார்கள் என்றும் ஐயத்துக்கு இடமில்லாத குரலில் சொல்வோர் அநேகர். விஞ்ஞானத்தையே சாட்சிக்கு அழைப்போரும் உண்டு. செம்மரச் சாறு புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்து ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் காட்டுகிறதே என்பது அவர்கள் வாதம். கருவி காட்டுவது மெய். அதிலிருந்து அவர்கள் இறக்கிக்கொண்ட முடிவுதான் பொய்.

கருவி காட்டுவதுதான் என்ன? மரத்தின் வைரத்தைச் சீவிய தூளை எத்தில் ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினால் இரத்தச் சிவப்பாக ஒரு சாறு இறங்கும். அதை வெளிறிய செவ்வண்ணம் ஆகும்வரை நீர்க்கச் செய்து, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றுகிறார்கள். சாதாரணக் கண்ணாடி 320 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட கதிர்களைத் தானே விழுங்கிவிடுமாதலால் அது இங்கே உதவாது. ஒளி புகும் பக்கங்களில் விரல் படாமல், சொரசொரப்பான பக்கங்களைப் பற்றி எடுத்து, முதலில் வெறும் ஆல்கஹாலை வைத்துக் கருவியைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அதன் பிறகே சாற்றை வைக்க வேண்டும். ஒளி உறிஞ்சலைக் காட்டிக் கருவி வரையும் கோட்டுப்படத்தில் 470 முதல் 510 நானோமீட்டர் வரை எழும் மேடு, மரத்துக்குச் சிவப்பு தரும் சாந்தலின் என்ற வர்ணப் பொருளின் அடையாளம். 280-ஐ ஒட்டி எழும் ஏற்றம் பென்சீன் வளையங்களுக்குரியது. குளித்தலையில் 1900-ல் பிறந்து, வால்டேரிலும் தில்லியிலும் தாவர வர்ணங்களின் ரசாயனத்தையே வாழ்நாள் தவமாகக் கொண்ட பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி, இந்த மர இனத்தின் பொருள்களையும் ஆராய்ந்தவர் என்பது தமிழர் மறக்கலாகாத செய்தி.

இனி, 300 நானோமீட்டர் புற ஊதாக் கதிரின் ஒரு துகள் சுமந்து வரும் சக்தி ஏறக்குறைய 4 எலக்ட்ரான் வோல்ட். மூலக்கூறின் வெளிப்புற எலக்ட்ரான் ஒன்றை ஒரு படி மேலே தூக்க அது சரியாகப் பொருந்துவதாலேயே சாறு அதை ஏற்றுக்கொள்கிறது. அணு உலைக் கழிவிலுள்ள சீசியம்-137 உமிழும் காமாக் கதிரின் சக்தியோ 6,62,000 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். அத்தகைய கதிருக்குச் சாந்தலினும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். வழியில் எவ்வளவு பொருள் நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதே அங்கே பெரும்பாலும் கணக்கு. அக்கதிரைப் பாதியாகக் குறைக்க ஈயத்தில் 6 அல்லது 7 மில்லிமீட்டர் போதும். தண்ணீரில் 8 சென்டிமீட்டர் வேண்டும். நீரில் மூழ்குமளவு கனமானதாயினும், நீரைவிடச் சிறிதே அடர்த்தி மிகுந்த செம்மரத்தில் அதற்கு 7 சென்டிமீட்டருக்குக் குறையாது. உலைகளைச் சுற்றிக் கான்கிரீட்டையும் நீரையும் எஃகையும் ஈயத்தையும் வைப்பது இதனால்தான்.

ஜப்பானியர் இம்மரத்தை ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு வாத்தியத்தின் கழுத்துக்காகவும், சீனர் உயர்ந்த இருக்கைகளுக்கும் அலமாரிகளுக்கும் ஆகவும் நாடினர். மோகம் உண்மை, காரணம் கட்டுக்கதை. அந்த மோகத்தின் கடைசி நுனியில் கோடரி பிடித்து நிற்பவன் தமிழகத்து ஏழைக் கூலி. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் திருப்பதிக்கருகே சேஷாசல மலைக்காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். இயற்கையில் பெரும்பாலும் இம்மலைகளையும் அவற்றை அடுத்த மலைகளையும் விட்டு வேறெங்கும் வளராத இம்மரம், 1995 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வாணிப உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மரத்துக்கு அமானுஷ்ய சக்தி கற்பிக்கும் பேச்சு கள்ளச் சந்தையின் விலையை ஏற்றவே உதவுமாதலால், அதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

கட்டையைத் தண்ணீரில் போட்டால் நீரைச் சிவக்கச் செய்வது அசல், செய்யாதது போலி என்று சோதிப்பாரும் உண்டு. சாந்தலின் குளிர்ந்த நீரில் அநேகமாகக் கரையாது; ஆல்கஹாலில்தான் நன்றாக இறங்கும். ஆகவே அசல் கட்டையையே போலி என்று ஒதுக்கிவிட அச்சோதனை இடம் தருகிறது.

மற்றொரு நம்பிக்கை படித்தவர்களுடையது: கோட்டுப்படத்தைப் பார்த்தவுடன் இது சேஷாசலத்து மரமேயென்று கருவி பெயர் சொல்லிவிடும் என்பது. ஆப்பிரிக்காவில் வளரும் இதே பேரினத்து மரங்கள் சிலவற்றிலும் சாந்தலின் உண்டு. அவற்றின் மேடும் அதே இடத்தில் எழும். போதாததற்கு, சாற்றை ஆல்கஹாலுக்குப் பதில் அசிட்டோனில் எடுத்திருந்தால், 330 நானோமீட்டருக்குக் கீழே அசிட்டோனே ஒளியை மறைத்துவிடுவதால், அப்பகுதியில் கருவி காண்பது மரத்தையன்று. சாறு மிகச் செறிந்து உட்கவர் எண் 3-ஐ எட்டினாலோ, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே கடந்து வர, கருவிக்குள் சிதறித் திரியும் வேற்றொளி அதனோடு கலந்து அளவைக் கெடுக்கும். பறிமுதலான கட்டை இன்னதென்று நீதிமன்றத்தில் நிறுவ வேண்டுமானால், அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்துத் துளைகளையும் கதிர்த் திசுக்களையும் பார்க்கும் மரவியல் வல்லுநரின் சான்றையும் பெறத்தான் வேண்டும்.